ஜவ்வரிசி அரிசியல்ல: சொல்லடைவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத் தொழிற்சொற்களைத் தொகுத்துவரும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

கருத்துக் கேட்டு நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கங்களை வரிவரியாகப் படித்தோம். மரவள்ளி, காப்பி, வெள்ளிக் கொலுசு, கைத்தறி, வெள்ளைக்கல் ஆகிய ஐந்து தொழில்களின் சொற்களை ஒரே நூலில் கொண்டுவருவது யாராவது எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. சொற்களைத் திரட்டியதில் குறையொன்றும் காணவில்லை. பட்டறையிலும் களத்திலும் புழங்கும் சொல்லையே தலைச்சொல்லாக வைத்திருப்பது மிகச் சரி. எங்கள் கவலையெல்லாம் விளக்கங்களைப் பற்றியது. பொருளோ செயலோ அளவோ பூச்சியோ, எதுவானாலும் விளக்கம் பெரும்பாலும் "ஒரு வகை" என்று தொடங்கி "பயன்படுவது" என்று முடிகிறது. எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் ஊற்றியிருக்கிறீர்கள். சொல்லின் தன்மையைப் பார்த்து வார்ப்பை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஜவ்வரிசியிலிருந்து தொடங்குவோம். "ஒரு வகை அரிசி, பாயசம் செய்யப் பயன்படுவது" என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரின் பின்பாதி உங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஜவ்வரிசி நெல்லிலிருந்து வருவதல்ல, தானியமே அல்ல. மகாராஷ்டிரத்தில் விரத நாளில் தானியத்தை ஒதுக்கிவிட்டு ஜவ்வரிசியில்தான் கிச்சடி செய்து சாப்பிடுகிறார்கள். அங்கே சரக்கு அனுப்பும் ஊரிலிருந்து வெளிவரும் நூல் இதை அரிசி என்று சொல்லலாமா? பின்பாதி விளக்கமும் நிற்காது. சேமியாவிலும் பாயசம் செய்கிறோம், பருப்பிலும் செய்கிறோம்.

பொருட்பெயர் என்றால் இனமும் வேறுபாடும்தான் வேண்டும். அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அந்தக் கூட்டத்தில் மற்றவற்றிலிருந்து எதனால் பிரிகிறது. கலைச்சொல் பணிக்கான பன்னாட்டு நெறியான ஐஎஸ்ஓ 704-ம் இந்த முறையையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. அதன்படி எழுதிப் பார்த்தால்: "ஜவ்வரிசி: மரவள்ளி மாவை ஈரத்தோடு உருட்டி, வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ உலர்த்திய சிறு மணி." இனம் "மணி". மரவள்ளி மாவு என்பது அதைத் தானியங்களிலிருந்து பிரிக்கிறது. உருட்டுவது வெறும் மாவிலிருந்து பிரிக்கிறது. சூடு காட்டுவது, வெயிலில் உலர்ந்த பச்சை மாவுருண்டையிலிருந்து பிரிக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். எதை எடுத்தாலும் வேறொரு பொருள் உள்ளே வந்துவிட வேண்டும். எடுத்தபின் எதுவும் மாறவில்லை என்றால் அந்தச் சொல் அங்கே தேவையில்லை. தென்கிழக்காசியத் தீவுகளில் சேகோ பனையின் தண்டு மாவிலும் இதைச் செய்வார்கள் என்பது உண்மைதான். அது வரையறைக்குள் வர வேண்டாம், கீழே குறிப்பாக வரட்டும்.

அடுத்து உடன்பிறந்த சொற்கள். மாவு ஜவ்வரிசி பக்கம் 14-லும் நைலான் ஜவ்வரிசி பக்கம் 61-லும் இருக்கின்றன. வெவ்வேறு நாளில் வெவ்வேறு கை எழுதியது தெரிகிறது. ஒன்றுக்கு நிறத்தைச் சொல்லியிருக்கிறீர்கள், மற்றதற்குச் சமைக்கும் நேரத்தை. இரண்டையும் ஒப்பிட வாசகருக்கு வழியே இல்லை. இப்படிப்பட்ட சொற்களை ஒரே நாளில், ஒரே தாளில், ஒரே அளவுகோலில் எழுதுங்கள். வறுத்தது மாவு ஜவ்வரிசி. சூடு முழுக்க உள்ளே இறங்காததால் நடுவில் மாவு வெள்ளையாகவே நிற்கும். ஆவியில் வெந்தது நைலான் ஜவ்வரிசி; மாவு உள்வரை வெந்து இறுகுவதால் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். வேறுபாடு ஒன்றுதான்: சூடு காட்டும் முறை. நிறமும் மற்றவையும் அதன் விளைவுகள். காரணத்தை வரையறையில் வைத்து, விளைவுகளைக் குறிப்பில் வையுங்கள்.

வெள்ளைக்கல் தொழிலில் இந்த ஒழுங்கு இன்னும் கட்டாயம். சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையிலுள்ள கரடுகளை வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று அழைத்தார்கள். அங்கே சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இருப்பது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். சாக் என்பது கால்சியம் கார்பனேட். உங்கள் பதிவு "சுண்ணாம்புக் கல் வகை" என்று அந்தப் பழைய பெயர் செய்த பிழையை அப்படியே தொடர்கிறது. சுட்ட மேக்னசைட்டின் இரு நிலைகளையும் ஒரே சொல்லால் விளக்கியிருக்கிறீர்கள். ஏறத்தாழ 700 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கிடைப்பது காஸ்டிக் கால்சைன்டு. நீரோடும் அமிலத்தோடும் எளிதில் வினைபுரியும். 1,500 டிகிரிக்கு மேல் சுட்டால் டெட் பர்ன்ட்; எதோடும் சேராமல் கிடக்கும், அதனால்தான் எஃகு உலையின் உட்சுவருக்குப் போகிறது. வேதிப்பெயர் இரண்டுக்கும் மக்னீசியம் ஆக்சைடுதான். வேதிப்பெயரை மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே வெப்பநிலையும் வினைத்திறனும் வரையறைக்குள்ளேயே வர வேண்டும். தூய கல்லை 100 கிலோ சுட்டால் 48 கிலோ அளவே மிஞ்சும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும் என்பதைக் குறிப்பில் தரலாம். கொள்முதல் செய்பவருக்கு அது உதவும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம் மொழியில் பெயர் கடைசியில் வரும், அடைகள் முன்னே வரும். அடைகளை அடுக்கிக்கொண்டே போனால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே வரி முடியும்போதுதான் தெரியும். திப்பிக்கு நீங்கள் எழுதியதைப் பாருங்கள்: "சேலம் மாவட்டத்தில் பயிரிடப்படும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் மாவைத் தொட்டிகளில் படியவைத்துப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் நாரும் சிறிதளவு மாவும் கலந்த கால்நடைத் தீவனமாகப் பயன்படும் கழிவுப்பொருள்." மூச்சு முட்டுகிறது. இந்த நீளத்துக்குள் ஒரு தகவல் பிழையும் ஒளிந்துகொண்டது. திப்பி படியவைக்கும் தொட்டியில் மிஞ்சுவதல்ல, அதற்கு முந்தைய படியில் சல்லடையில் நிற்பது. நாங்கள் பரிந்துரைப்பது இது: "திப்பி: அரைத்த மரவள்ளியைச் சலித்து மாவுப்பாலை எடுத்தபின் சல்லடையில் நிற்கும் நார்ச்சக்கை. இதில் கொஞ்சம் மாவும் தங்கியிருக்கும். உலர்த்தி மாட்டுத் தீவனத்துக்கு விற்பார்கள்." முதல் வாக்கியம் வரையறை, மற்ற இரண்டும் செய்தி. பெயருக்கு முன்னால் இரண்டு பெயரெச்சங்களுக்கு மேல் வேண்டாம். வரையறை வாக்கியம் 15 சொற்களைத் தாண்டினால் எதையோ குறிப்புக்கு இறக்க வேண்டும் என்று பொருள். "பயிரிடப்படும், எடுக்கப்படும்" என்ற படு விகுதிகளில் பாதி தேவையே இல்லை.

செயலைக் குறிக்கும் சொல்லுக்கு இனமும் வேறுபாடும் போதாது. எங்கே தொடங்குகிறது, எது மாறுகிறது, எப்போது முடிந்தது என்று எதைக் கண்டு சொல்வது என மூன்றும் வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் "புளிக்கவைத்தல்" என்ற சொல்லுக்கு "காப்பிக் கொட்டையைப் புளிக்கச் செய்யும் முறை" என்று விளக்கம் தந்திருக்கிறீர்கள். தலைச்சொல்லையே திருப்பிச் சொன்னதைத் தவிர இதில் எதுவும் இல்லை. அதைவிட மோசம், இட்லி மாவு புளிப்பதையே வாசகர் நினைத்துக்கொள்வார். மாவில் புளிப்பு வேண்டும். காப்பியில் புளிப்பு வந்தால் சரக்கு கெட்டது என்று பொருள்.

இப்படி எழுதலாம்: "புளிக்கவைத்தல் (காப்பி): பல்ப்பரில் தோல் நீக்கிய கொட்டையின் மேலுள்ள வழுவழுப்பான பசை கரைந்து கழலும்வரை தொட்டியில் குவித்து வைத்தல்." தொடக்கம் பல்ப்பர், மாற்றம் பசை கரைவது, முடிவு அது கழல்வது. நேரத்தை வரையறையில் வைக்கவில்லை, கவனியுங்கள். அராபிகா வகைக் காப்பிக்குப் பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரம் ஆகும், மலையில் குளிர் ஏறினால் கூடும். நேரத்தை வரையறையாக்கினால் குளிர் நாளில் பசை போகாத கொட்டையையும் கழுவி எடுத்துவிடுவார்கள். பிறகு களத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். மாறாக, நேரம் அதிகமானால் புளித்த வாடை கொட்டைக்குள் இறங்கி, வறுத்தாலும் போகாது. ஆகவே முடிவுக்கான அடையாளத்தைக் குறிப்பில் தெளிவாகத் தர வேண்டும்: ஒரு கை அள்ளிக் கழுவித் தேய்த்தால் வழுக்காமல் கூழாங்கல்லைப் போலச் சொரசொரவென்று உரச வேண்டும். தொழில் தெரிந்தவர் கையால் பார்ப்பதை எழுத்தில் கொண்டுவருவதுதான் இங்கே நம் வேலை. இலக்கணம் ஒன்றும் உண்டு. தலைச்சொல் "தல்" என்று முடிந்தால் விளக்கமும் "தல்" என்றே முடியட்டும். மாதிரிப் பக்கங்களில் 9 இடங்களில் செயற்பெயருக்கு "முறை", "போது", "இடம்" என்று முடித்திருக்கிறீர்கள்.

அளவைச் சொற்களில் பிழை வந்தால் பணம் போகும். இவற்றுக்கு ஒரே வழிதான்: எதை, எதால், எந்த நிலையில் அளக்கிறோம் என்று எழுதுவது. "நூல் நம்பர்: நூலின் தடிமனைக் குறிக்கும் எண்" என்று படிப்பவர் 80-ம் நம்பர் நூல் 40-ஐ விடத் தடிமன் என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மை தலைகீழ். "நூல் நம்பர்: ஒரு பவுண்டு பருத்தி நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை உள்ளன என்று காட்டும் எண்." சிட்டம் என்பது சுற்றிக் கட்டிய நூல் கட்டு. 40-ம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். அதே எடையில் நீளம் கூடக்கூட நூல் மெலிவது தானே விளங்கும். சேலம் வெண்பட்டு நெய்பவர் பட்டிழைக்குச் சொல்லும் டெனியரோ எதிர்த்திசை: 9,000 மீட்டர் இழையின் எடை கிராமில். அங்கே எண் கூடினால் இழை தடிக்கும். இந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையே "ஒப்பிடுக" என்று ஒரு சுட்டு போடாவிட்டால், தறிக்குப் புதிதாக வருபவர் கட்டாயம் குழம்புவார்.

கொலுசுப் பட்டறையின் "டச்" இன்னும் நுட்பம் கேட்கிறது. நூறு பங்கு எடையில் தூய வெள்ளி எத்தனை பங்கு என்பது அடிப்படை. ஹால்மார்க்கில் 925 என்று முத்திரையிடுவதும் 92.5 டச் என்பதும் ஒன்றே, அது ஆயிரத்துக்கு, இது நூற்றுக்கு. ஆனால் எதன் டச்? கம்பியினுடையதா, முடிந்த கொலுசினுடையதா? பற்றவைக்கும் பொடி குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதற்காக அதில் வெள்ளியைக் குறைத்து வேறு உலோகம் கூட்டுவார்கள். பற்று அதிகமுள்ள கொலுசை முழுதாக உருக்கிப் பார்த்தால் கம்பியின் டச்சை விடக் குறைவாகவே காட்டும். விளக்கத்தில் "பற்றுப்பொடி உட்பட உருக்கிச் சோதித்த" என்ற நான்கு சொல் இருந்தால் வாங்குபவரும் விற்பவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவார்கள். மரவள்ளியின் "பாயிண்ட்" பதிவும் இதே கதிதான். கிழங்கின் விலை அந்த எண்ணை ஒட்டியே நிற்கிறது. நீங்களோ "கிழங்கின் தரம்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அது மாவுச்சத்தைக் காட்டும் எண். எத்தனை கிலோ கிழங்கை எடுத்து, மண் கழுவிய பின்னா முன்னா, எந்தக் கருவியில் பார்ப்பது என்பதை மில்காரர், விவசாயி இருவரிடமும் கேட்டு ஒரே வாக்கியமாக்குங்கள். இருவரும் ஒப்பாத வாக்கியம் நூலுக்குள் போகக் கூடாது.

தரப்பெயர்களுக்கு எல்லை எண் வேண்டும். "பிளான்டேஷன் ஏ: உயர்தரக் காப்பி" என்றால் யாருக்கு உயர்தரம்? இந்தியக் காப்பி வணிகத்தில் பிளான்டேஷன் என்றால் தோட்டம் அல்ல, ஈரமுறையில், அதாவது தோல் நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. அதே முறையில் வந்த ரோபஸ்டாவைப் பார்ச்மென்ட் என்பார்கள். ஏ என்பது 6.65 மில்லிமீட்டர் துளைச் சல்லடையில் நிற்கும் அளவு. பி-க்கு 6 மில்லிமீட்டர். அது பருமனைச் சொல்கிறதே தவிரச் சுவையைச் சொல்வதில்லை. "உயர்", "சிறந்த", "நல்ல" என்ற சொற்களை வரையறையிலிருந்து அடியோடு நீக்குங்கள்.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் இரண்டு எண். "செர்ரி" என்றால் மரத்திலுள்ள பழம். களத்தில் தோலோடு உலர்ந்த சரக்கும் செர்ரிதான். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்திருப்பதால் "செர்ரியை ஈரப்பதம் குறையும்வரை உலர்த்த வேண்டும்" என்ற உங்கள் எடுத்துக்காட்டு எதைச் சொல்கிறது என்றே தெரியவில்லை. மலைப்பகுதிச் சொற்களில் "மலையாளி" என்ற பதிவைத் தனியாகக் கவனிக்க வேண்டுகிறோம். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைப் பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினரின் பெயர் அது, பட்டியல் பழங்குடி. "கேரளத்தவர்" என்ற ஒற்றைப் பொருளை மட்டும் தந்திருப்பது ஏற்காட்டில் அச்சாகக் கூடாத பிழை. ஒரு சமூகத்தின் பெயருக்கு விளக்கம் எழுதும்போது அந்தச் சமூகத்தாரிடம் படித்துக் காட்டாமல் முடிக்காதீர்கள்.

"சேதாரம்" எல்லாவற்றிலும் கடினம். பட்டறையில் அது வேலையின்போது தேய்ந்தும் சிதறியும் போகும் உலோகம். கடை ரசீதில் அது எடையின் மேல் இத்தனை சதவீதம் என்று கூட்டும் தொகை. இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உங்கள் விளக்கம் முதலாவதை மட்டும் சொல்கிறது. அதைப் படித்தவர் ரசீதிலுள்ள தொகை முழுவதும் உண்மையில் தேய்ந்த உலோகம் என்று நம்பிவிடுவார். 1, 2 என்று பிரித்து, எங்கே எந்தப் பொருள் என்று துறைக்குறி இடுங்கள்.

பூச்சிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். "வெள்ளைத் தண்டுத் துளைப்பான்: ஒரு வகைப் பூச்சி" என்பது யாருக்கும் உதவாது. தோட்டக்காரர் பூச்சியைப் பார்ப்பதற்கு முன் அறிகுறியைத்தான் பார்க்கிறார்: பட்டையில் வரிவரியாக மேடு, பழுத்துத் தொங்கும் இலை. அராபிகாத் தண்டைக் குடைவது புழுப் பருவம், வண்டல்ல. அந்த மூன்றும் இருந்தால் போதும். தறி உறுப்புகளுக்குச் சொல்லைக் குறைத்துப் படம் போடுங்கள். அச்சு, விழுது, நாடா மூன்றும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை அம்புக்குறியிட்ட ஒரு படம் காட்டுமளவுக்கு எங்களால் எழுத்தில் காட்ட முடியவில்லை.

ஒத்த சொல்லைத் தருவது விளக்கமாகாது. நிகண்டுகள் அப்படித்தான் செய்தன, ஆனால் அவை மனப்பாடம் செய்யும் புலவருக்காக எழுந்தவை. "ஏழிலைக்கிழங்கு: மரவள்ளி காண்க", "குச்சிக்கிழங்கு: மரவள்ளி காண்க" என்று சுட்டுவது சரி, விளக்கம் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். "திப்பி: சக்கை" என்றும் "சக்கை: திப்பி" என்றும் வந்தால் அதுதான் ஆபத்து. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஒவ்வொரு விளக்கத்திலும் வேறு தலைச்சொல் வந்தால் அதை நோக்கி ஓர் அம்பு வரையுங்கள். அம்பு சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்தால் அங்கே விளக்கம் இல்லை. 80 பதிவுகளில் நாங்கள் வரைந்து பார்த்ததில் 6 வட்டங்கள் கிடைத்தன.

எழுதி முடித்ததும் மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, தலைச்சொல்லை மறைத்து விளக்கத்தை மட்டும் தொழில் தெரிந்த மூவரிடம் படித்துக் காட்டுங்கள். மூவரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். இருவர் வேறு சொல் சொன்னால் வேறுபாடு போதவில்லை. இரண்டாவது, தொழில் தெரியாத ஒருவர் முன் நெருக்கமான நான்கு பொருள்களை வைத்து, விளக்கத்தைப் படித்துச் சரியானதை எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, ஒரு வாக்கியத்தில் தலைச்சொல்லை எடுத்துவிட்டு விளக்கத்தை வைத்துப் படியுங்கள். நீளமாக ஒலிக்கலாம், பொருள் மாறக் கூடாது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் ஆகிய நான்கையும் திருத்துவோர் மேசையில் ஒட்டி வைக்கலாம். விளக்கத்தின் ஓரத்தில் எந்தக் குற்றம் என்று ஒரு சொல்லில் எழுதித் திருப்பி அனுப்பினால் "சரியில்லை" என்று எழுதுவதை விட எழுதியவருக்கு உதவும். "முதலியன", "போன்றவை" என்பவை வரும் இடத்திலெல்லாம் சிவப்பு மை இடுங்கள். பட்டியல் முழுமையானது என்றால் முழுதும் எழுதலாம், இல்லையென்றால் பட்டியல் முறையையே விட்டுவிட வேண்டும்.

இத்துடன் மேற்சொன்ன சொற்களையும் சேர்த்து 22 பதிவுகளை மாற்றி எழுதி இணைத்திருக்கிறோம். பாயிண்ட், சேதாரம், மலையாளி மூன்றையும் நாங்கள் முடிவாக எழுதவில்லை. அவற்றை உரியவர்களை அழைத்து உட்காரவைத்துத்தான் எழுத வேண்டும். கிழங்கு வெட்டு முடிந்து மில்காரரும் விவசாயியும் ஓய்வாக இருக்கும் மாதத்தில் அந்த அமர்வை வைத்தால் ஏற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நாங்கள் வருகிறோம். அதுவரை இந்த மூன்று பதிவுகளையும் அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு பகுதிக் கலைச்சொல் தொகுப்பாளர்கள் சிலர்